ஜெஸ்லா டொக்டர் சொன்ன மீதி

வவுனியா
11.08.2024

அன்புள்ள அக்கா சரோஜாதேவிக்கு,

இங்கே நானும் மகன் திலீபனும் ஆண்டவன் புண்ணியத்தில் இருக்கிறோம். எல்கடுவ மழையிலும் குளிரிலும் நீயும் உன் மருமகள் சிவரூபினியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் கேட்டால் என்ன என்று திலீபன் சத்தம் போடுகிறான். காது போன பிறகு போனைப் பிடித்தால் எனக்கு வண்டு பறக்கிற சத்தம்தான் கேட்கிறது.

சுகமாக இருக்கிறேன் என்று நான் இன்னும் எழுதவில்லை, கவனித்தாயா? போன வெள்ளிக்கிழமை குளிக்கும்போது பார்த்தேன். நெஞ்சுக்குக் கீழேயும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். கடுகு அளவில் ஏழெட்டு, மிளகு அளவில் ஒன்று. குங்குமம் ஒட்டியிருக்கிறது என்று தேய்த்தேன், போகவில்லை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. பக்கத்து வீட்டு ஸைனம்புவிடம் காட்டினேன். "ரெத்தத்துல நோய் வருத்தம் வந்தா இப்பிடித்தான் வெளிய காட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் மீன் வாங்கப் போய்விட்டாள். நான் அன்றிலிருந்து சோறு தின்னவில்லை.

எந்த இடத்தில் இருக்கிறது என்று மகனிடம் எப்படிச் சொல்வது? உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். யாருக்கும் சொல்லாதே.

உன் தங்கை,
தெய்வானை

*

எல்கடுவ
24.08.2024

தங்கச்சி தெய்வானைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். சிவரூபினியும் சுகம், அவள் வாயும் சுகம்.

கடுகும் மிளகும் உன் உடம்பிலேயே முளைத்தால் ரசத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இதற்குப் போய் யாராவது சோற்றை விடுவார்களா? ஸைனம்பு எந்த ஆஸ்பத்திரியில் டொக்டராக இருக்கிறாள் என்று கேட்டு எழுது, நானும் அங்கே வருகிறேன்.

விளையாட்டு இல்லை. உடனே போய்க் காட்டு. வெட்கப்படுகிறவள் பொம்பளை டொக்டரைத் தேடிப் போ. எனக்குக் கூடப்பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது நீ ஒருத்திதான். நீ போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? காட்டிவிட்டு, டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் எழுது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், நீ ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எனக்கு விளங்குகிற மாதிரி எழுத உனக்குத்தான் தெரியும்.

உன் பதில் வரும்வரை தினமும் விளக்கு ஏற்றுகிறேன்.

அக்கா
சரோஜாதேவி

*

வவுனியா
15.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம். இந்த முறை முழு நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஜெஸ்லா என்று ஒரு பொம்பளை டொக்டர், சின்ன வயது. திலீபனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் புள்ளிகளைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு அவனையும் உள்ளே கூப்பிட்டு, என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னார்: "அம்மா, இது ஒண்ணுமில்ல. தோலுக்குக் கீழ மயிர் மாதிரி இருக்கிற இரத்தக்குழாய் ஒரு எடத்துல கூடி நிக்குது. வயசு போகப் போக நெறையப் பேருக்கு வரும். மருந்தும் வேணாம், பயமும் வேணாம். நகத்தால கிள்ளாதீங்க, இரத்தம் வரும். அவ்வளவுதான்."

பரம்பரையிலும் இது வருமாம். "கூடப்பிறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் இருக்கும், பாக்கச் சொல்லுங்க" என்றார். அதனால் அக்கா, உன் உடம்பிலும் பார். சிவப்புப் புள்ளி இருந்தால் பயப்படாதே, அது நம் குடும்பச் சொத்து.

இதற்குப் பிறகும் டொக்டர் நிறையச் சொன்னார். எந்த மாதிரிப் புள்ளி பொல்லாதது, எப்போது உடனே ஓடிவர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். நமக்குத்தான் அது இல்லையே. தாளும் முடிகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

ஸைனம்புவுக்கு முன்னால் இரண்டு தட்டுச் சோறு தின்று காட்டினேன்.

இப்படிக்குச் சந்தோஷத்தோடு,
தெய்வானை

*

எல்கடுவ
06.10.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கண்டதும் என் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கிவிட்டது, அட்டையும் தொடங்கிவிட்டது. சவுக்காரத்தை முழங்கால் வரை பூசிக்கொண்டுதான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறோம். ஆமாம், போகிறேன். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பேர் வெட்டி ஆறு வருஷம் ஆனாலும் கைக்காசுக்குக் கூப்பிடுகிறார்கள், சும்மா இருக்க என்னால் முடியாது.

உன் கடிதத்தை மலைக்கே கொண்டுபோனேன். மடுவத்தில் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது சிவரூபினி சத்தமாக வாசித்தாள். உடனே ஆளுக்கு ஆள் கையைத் தூக்கி, சட்டையை விலக்கி, "எனக்கும் இருக்கு", "இங்க பாரு, எனக்கும்" என்று ஒரே கூத்து. கங்காணி, "இங்க என்ன கிளினிக்கா நடக்குது?" என்று கத்தினார். அவர் கழுத்திலேயே ஒன்று இருக்கிறது, நான் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நானும் பார்த்தேன். தோளில் ஒன்று, நீ எழுதிய மாதிரியே கடுகு அளவு. கால் இரண்டிலும் கரண்டைக்கு மேலே ஊசி முனை முனையாக நிறைய இருக்கிறது, எண்ண முடியவில்லை. உனக்கு ஏழெட்டு என்றால் எனக்கு நூறு. மூத்தவள் என்றால் எல்லாம் கூடத்தானே இருக்கும். அட்டைக்கடியும் அதற்குள் கலந்திருக்கும்.

சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

வவுனியா
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், நீயும் சுகமென்று உன் எழுத்தே சொல்கிறது.

என் கடிதத்தை மடுவத்தில் வாசித்தார்கள் என்று திலீபனிடம் மூன்று தரம் சொன்னேன். அவனுக்கு அலுத்துவிட்டது, எனக்கு அலுக்கவில்லை. யார் யார் கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுது. எழுத்து நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா?

காலில் இருப்பது அட்டைக்கடிதானே?

அன்புடன்
தெய்வானை

*

எல்கடுவ
17.11.2024

தங்கச்சிக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்காதே. சுகமாக இருக்கிறேன் என்றே எழுதுகிறேன். கொஞ்சம் அசதி. கூடையைத் தலையில் மாட்டி நாலு படி ஏறினால் மூச்சு நின்று நின்று வருகிறது. அறுபத்தாறு வயதில் குதித்துக்கொண்டா ஏற முடியும்?

எழுத்து நன்றாக இருக்கிறது என்று கணக்கப்பிள்ளையே சொன்னார். சந்தோஷமா?

இந்த முறை அட்டை பொல்லாதது. போன செவ்வாய் காலையில் கடித்த ஒரு கடி, பின்னேரம் மடுவத்துக்கு வரும்வரைக்கும் இரத்தம் ஒழுகியது. சுண்ணாம்பு வைத்தும் நிற்கவில்லை. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுகிற கயிறு பட்ட இடமெல்லாம் ஊதாவாகக் கிடக்கிறது. கயிறு புதிது, அதுதான் இறுக்குகிறது. வெற்றிலை துப்பும்போது எச்சில் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருக்கிறது என்று சிவரூபினி ஒரு கதை கட்டுகிறாள். வெற்றிலை சிவக்காமல் பச்சையாகவா இருக்கும்?

"மாத்தளைக்குப் போயி ஒருக்காக் காட்டிட்டு வருவோம் அத்த, காலெல்லாம் புள்ளி கூடிட்டே போகுது" என்று தினம் அதே பாட்டு. நான் உன் கடிதத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். "இந்தா படி. என் கூடப்பிறந்தவ பெரிய டொக்டர்கிட்டக் காட்டி எழுதியிருக்கா. ஒரே வயித்துல பொறந்தவங்களுக்கு ஒரே புள்ளிதான். அவளுக்குப் பார்த்தது எனக்கும் பார்த்ததுதான்." அதற்குப் பிறகுதான் அவள் வாய் மூடியது.

இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதவில்லை, மூன்று நாளாக எழுதினேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா

*

வவுனியா
25.11.2024

அக்கா,

சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை. இதை வாசித்த அன்றே நீ மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஜெஸ்லா டொக்டர் சொன்ன மீதியை நான் உனக்கு எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். என்னுடையது உருண்டையாக, மெத்தென்று, விரலுக்குத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. வருஷக்கணக்காக ஒன்றொன்றாக வந்ததாம். ஊசியால் குத்தின மாதிரி, தோலோடு தோலாக, தடவினால் கைக்குத் தட்டாமல், திடீரென்று கூட்டமாகக் காலில் வருவது வேறு சாதி. அதன்மேல் கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். சிவப்பு மங்காமல் அப்படியே நின்றால் தோலுக்குள் இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அதோடு அடிபடாமல் ஊதாத் தழும்பு வருவது, பல் முரசில் இரத்தம் வருவது, சின்னக் காயத்திலும் இரத்தம் நிற்காமல் போவது, காய்ச்சல், அசதி, இதில் எது சேர்ந்தாலும் அடுத்த நாள் வரைக்கும் வைத்திருக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். நீ எழுதியதில் காய்ச்சல் ஒன்றுதான் இல்லை. எல்லாவற்றுக்கும் அட்டை, கயிறு, வெற்றிலை என்று ஒவ்வொரு பேர் வைத்து எழுதியிருக்கிறாய்.

உன் கடிதம் வந்த உடனே திலீபனைப் போன் எடுக்க வைத்தேன். நீயே பேசினாயாம். "ஒங்க அம்மாவுக்கு வேற வேலையில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு" என்றாயாம். அவனும் நம்பிவிட்டான்.

போ அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தெய்வானை

*

எல்கடுவ
16.12.2024

தங்கச்சிக்கு,

நலம். மண் சரிந்து பாதை மூடிக் கிடந்ததால் உன் கடிதம் போன கிழமைதான் வந்து சேர்ந்தது.

நீ சொன்ன மாதிரியே கிளாஸை வைத்துப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கிறது.

மிளகுக் கொடி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. காய்ந்ததும் உனக்கு ஒரு பை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வாரமாக மலைக்குப் போகவில்லை. மழைதானே, ஓய்வாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சிவரூபினிதான் சமைக்கிறாள், உப்பு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

திலீபனுக்கு என் ஆசீர்வாதம் சொல்.

அக்கா

*

வவுனியா
22.12.2024

அக்கா,

"நல்லாத்தான் இருக்கிறது" என்றால் என்ன? கிளாஸுக்கு அடியில் சிவப்பு மங்கியதா, மங்கவில்லையா? மிளகைப் பற்றி யார் கேட்டது? ஒரே ஒரு சொல் எழுது. எழுத முடியாவிட்டால் சிவரூபினியை எழுதச் சொல்.

தெய்வானை

*

கண்டி, பெண்கள் வார்டு
12.01.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன்னைப் பார்த்ததில் எனக்குப் பாதிச் சுகம் வந்துவிட்டது. பத்திரமாக வீடு சேர்ந்தாயா?

நத்தார்ப் பண்டிகை முடிந்து இரண்டாம் நாள் காய்ச்சல் அடித்தது. மூக்கால் இரத்தம் வந்து தலையணை நனைந்தது. சிவரூபினி அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை, ஆட்டோ பிடித்து மாத்தளைக்கு இழுத்துப் போனாள். அங்கேயிருந்து அம்புலன்ஸில் இங்கே கொண்டுவந்தார்கள். இரத்தத்தில் கேன்சர் என்று சொன்னார்கள். அது நீ வந்தபோதே உனக்குத் தெரியும். மருந்து கொடுத்துப் பார்க்கிறோம், ஆனால் உடம்பு தாங்காது என்கிறார்கள்.

நீ வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது நான் ஒன்று சொன்னேன். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தேன், குரலும் இல்லை. நீ தலையை ஆட்டினாய். உனக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இங்கே டொக்டர் என்னிடம், "காலில புள்ளி வந்து மூணு மாசம்ங்கிறீங்க, ஏன் காட்டல? ஒண்ணுமில்லன்னு யாரு சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் இருந்தேன் என்று சொன்னேன். யார் உன்னைக் கேட்டாலும் நீயும் அப்படியே சொல்ல வேண்டும்.

கிளாஸ் வைத்துப் பார்த்தேன் என்று எழுதினேனே, அது மங்கவில்லை. ஒன்றுகூட மங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் திரும்பி வரமாட்டேன் என்று பயமாக இருந்தது, அதுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

*

எல்கடுவ
23.02.2025

மதிப்புக்குரிய சின்னத்தைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் மனதைத் தேற்றிக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காரியம் முடிந்து நீங்கள் போன பிறகு லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் நிற்க முடியவில்லை. ஆள் கூட்டத்தில் உங்களிடம் சொல்ல முடியாமல் போன ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலையில் பொம்பளைகள் உங்கள் பழைய கடிதத்தைக் கேட்கிறார்கள். மேல் லயத்து சுரேகாவுக்குக் காலில் புள்ளி வந்திருக்கிறது. பிள்ளை பிறந்து ஐந்து மாசம்தான் ஆகிறது அவளுக்கு. "சரோஜா பெரியம்மாவுக்கு வந்தது வேற வருத்தம், இது தெய்வானையம்மா எழுதுன புள்ளி. அந்தக் கடிதத்த இன்னொருக்கா வாசிங்க, என்ன போட்டிருக்குன்னு பாப்போம்" என்று நேற்று மடுவத்தில் வந்து நின்றாள்.

அத்தையின் பெட்டியைத் திறந்து தேடினேன். நீங்கள் எழுதிய எல்லாமே அடுக்கி இருக்கிறது, அந்த ஒன்றைத் தவிர. அது இருக்காது என்று எனக்கும் தெரியும். ஆட்டோ வந்து நிற்கும்போது, காய்ச்சலோடு எழும்பிப் போய், அத்தை அதை அடுப்பில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "யாரும் கேட்டா தெய்வானை எழுதுனத நம்பித்தான் நான் இருந்தேன்னு சொல்லாத. அவ பேரு கெடக் கூடாது" என்றார். நானும் சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

இப்போது சுரேகாவிடம் நான் என்ன சொல்வது? நவம்பரில் நீங்கள் எழுதிய மீதியை வாசித்தால் அத்தை எதை நம்பினார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், சத்தியத்தை வைத்துக்கொண்டு வாய் திறக்கவும் முடியவில்லை.

உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

சிவரூபினி

*

வவுனியா
01.03.2025

மகள் சிவரூபினிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. மூன்று தரம் போன் எடுத்தான் திலீபன், அங்கே சிக்னல் இல்லை. சாமான் லொறி ஒன்று இன்று மாத்தளைக்குப் போகிறது, அதில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

உன் அத்தையிடம் செய்த சத்தியம் என்னால் இல்லாமல் போகட்டும். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும்.

காலில் ஊசி முனையாக இருக்கிறது என்று அக்கா ஒக்டோபரிலேயே எழுதினார். அதை வாசித்த அந்த நிமிஷமே டொக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. மறக்கவில்லை, வந்தது. ஆனால் என் கடிதத்தை மடுவத்தில் வாசித்த பெருமையில், அதில் பாதி இல்லை என்று எழுதக் கை வரவில்லை. "அட்டைக்கடிதானே" என்று ஒரு வரி கேட்டேன். இல்லை என்று அக்கா சொல்ல மாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன். ஒரு மாசம் அப்படிப் போனது. கண்டியில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோதாவது சொல்லியிருக்கலாம். அங்கேயும் தலையைத்தான் ஆட்டினேன்.

இதை எழுதினால் அக்கா எழும்பி வரப்போவதில்லை. எனக்கும் மனம் ஆறப்போவதில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் நீ இதை மடுவத்தில், அன்றைக்கு வாசித்த அதே மாதிரிச் சத்தமாக, என் பெயரைச் சொல்லி வாசிக்க வேண்டும். அன்றைக்கு வாசித்த தெய்வானையின் கடிதத்தில் பாதி இல்லை, இருந்த பாதியை நம்பித்தான் சரோஜாதேவி செத்தாள் என்று சொல். கங்காணி கத்தினால் கத்தட்டும்.

நெஞ்சிலும் முதுகிலும் வயிற்றிலும் கடுகு மாதிரி உருண்டு, வருஷக்கணக்காக மாறாமல் கிடக்கிற சிவப்புப் புள்ளிக்கு யாரும் பயப்பட வேண்டாம். முதல்முதலாகப் பார்க்கிறவர்கள் ஒருதரம் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அதுவே பெருத்தாலோ, நிறம் மாறினாலோ, தன்பாட்டில் இரத்தம் வந்தாலோ, ஒரேயடியாகப் பல வந்தாலோ திரும்பக் காட்ட வேண்டும். கிளாஸுக்கு அடியில் மங்காத ஊசி முனைப் புள்ளிக்கும், அடிபடாமல் வருகிற ஊதாத் தழும்புக்கும், நிற்காத இரத்தத்துக்கும் அன்றைக்கே போக வேண்டும். அட்டை என்று சொல்ல வேண்டாம், வெற்றிலை என்று சொல்ல வேண்டாம். ஒருத்திக்கு டொக்டர் பார்த்தது இன்னொருத்திக்குப் பார்த்தது ஆகாது, அவள் கூடப்பிறந்தவளாக இருந்தாலும்.

சுரேகாவுக்கு என்ன வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இங்கேயிருந்து சொல்ல என்னால் முடியாது, இனிமேல் சொல்லவும் மாட்டேன். இந்தக் கடிதம் கையில் கிடைக்கும்போது அவள் கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்றால், வாசித்து முடிக்கும்வரைக்கும் அவளை நிற்க வைக்காதே. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. மற்றவர்களுக்குத் திரும்பி வந்து வாசிக்கலாம்.

தெய்வானை